ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு மீன் வரவில்லை

எங்கள் விறாந்தையில் ஒரு சட்டம் இருந்தது: ஒரு ஆளுக்கு மூன்று நிமிஷம். லப்டொப் ஒன்று, பிள்ளைகள் எட்டுப் பேர். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வருவார்கள். விளக்கு வைக்கிற நேரம் அம்மாமார் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் எல்லோரும், மற்றவர்கள் ஸ்க்ராட்சில் செய்த கேம்களையெல்லாம் ஒருமுறை விளையாடிப் பார்த்துவிட வேண்டும். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து "காணும், அடுத்த ஆள்" என்று சொல்வது என் வேலை. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருந்தது. திருகோணமலை எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடித்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அங்கே போவதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டு விறாந்தையிலும் இதைத் தொடங்கலாம்.

ஸ்க்ராட்ச் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக: பிள்ளைகள் தாங்களே கேமும் கதையும் செய்கிற ஒரு கணினி நிரல்மொழி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில், மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான ஒரு குழு 2007இல் வெளியிட்டது. முழுக்க இலவசம். 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை நினைத்துச் செய்தது. கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. நிறம் நிறமான பிளொக்குகளை ஒன்றோடொன்று கொழுவினால் பூனை நடக்கும், பந்து துள்ளும், கதை நகரும். இது பலருக்கும் தெரியும். ஆனால் அதே தளத்தில் ஒரு பெரிய ஊரே இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பிள்ளை தான் செய்ததைப் பகிரலாம். யாரும் அதை விளையாடலாம், அதன் உள்ளே திறந்து ஒவ்வொரு பிளொக்கையும் பார்க்கலாம், எடுத்து மாற்றித் தன்னுடையதாகவும் போடலாம் (இதற்கு ரீமிக்ஸ் என்று பெயர்). ஸ்க்ராட்ச் என்ற பெயரே டிஜேக்கள் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் சுரண்டிப் பழைய பாட்டிலிருந்து புது ஓசை எடுப்பதிலிருந்து வந்தது. எடுத்து மாற்றுவது அங்கே பெயரிலேயே இருக்கிறது. இதை நான் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான் கணினி படிப்பிக்கிற ஆள் இல்லை, கணக்கு வேலை செய்கிறேன். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த காலத்தில் என் அக்காவின் மகனுக்காகத் தொடங்கினது. அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள், கூட்டாளிகளின் தங்கச்சிமார் வந்தார்கள். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. வந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள்தான்.

டேட்டா எல்லோருக்கும் கவலை. அதற்கு வழி இருக்கிறது: ஸ்க்ராட்சை லப்டொப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் வேலை செய்யலாம். கிழமை முழுக்க அப்படியே செய்து, கோப்பாகச் சேமித்து, சனிக்கிழமை கடைசியில் என் போன் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து எல்லாவற்றையும் ஏற்றுவோம். படமும் பதிவு செய்த குரலும்தான் கோப்பைப் பெருக்க வைக்கும். பிளொக்குகள் எத்தனை போட்டாலும் பெரிய பாரம் இல்லை. அதனால் குரலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போடச் சொல்வேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். எங்கள் லப்டொப்பின் பெற்றரி முக்கால் மணித்தியாலம் தாங்காது. அப்போது சதுரக் கட்டம் போட்ட கொப்பியில் வேலை செய்தோம். ஸ்க்ராட்சின் மேடை 480 அகலம், 360 உயரம், நடுப்புள்ளி பூச்சியம். ஒரு கட்டத்துக்கு 20 என்று வைத்தால் குறுக்கே 24 கட்டம், நெடுக்கே 18. படகு எங்கே நிற்கும், மீன் எந்த உயரத்தில் வரும் என்று பென்சிலால் குறித்துவிட்டுத்தான் லப்டொப்பைத் தொடலாம். பள்ளிக்கூடத்தில் ஆள்கூற்றுத் தளம் என்றாலே முகம் சுளித்த பிள்ளை, மறை 180க்கு (-180) கீழே போட்டால் மீன் மண்ணுக்குள் போய்விடும் என்று தம்பிக்கு விளங்கப்படுத்துவதை அந்தக் காலத்தில்தான் கேட்டேன். கரண்ட் ஒழுங்காக வந்த பிறகும் கொப்பியை நாங்கள் விடவில்லை.

கணக்குத் திறக்கிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் பிள்ளை ஒன்று முதலில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கணக்குத் திறந்திருந்தது. கடைக்காரத் தம்பி உதவி செய்கிற எண்ணத்தில் கடையின் மின்னஞ்சலையே போட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு கடை பூட்டியாயிற்று, கடவுச்சொல் மறந்தாயிற்று, பிள்ளை செய்த ஒன்பது புரொஜெக்ட்டும் எட்டாத இடத்தில் நின்றுவிட்டன. பிள்ளை இரண்டு சனிக்கிழமை வரவே இல்லை. அதிலிருந்து, அம்மா அல்லது அப்பாவின் சொந்த மின்னஞ்சல் மட்டும். கடவுச்சொல்லை அம்மாவே தன் கையால் வீட்டுக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு வருகிற உறுதிப்படுத்தலை அன்றைக்கே அழுத்திவிட வேண்டும், அதைச் செய்யாவிட்டால் பகிர முடியாது.

சரி, அந்தப் பிழைக்கு வருகிறேன்.

தரம் 7 படிக்கிற ஒரு பெடியன். அப்பா கரைவலைக்குப் போகிறவர், கடலில் விட்ட பெரிய வலையைக் கரையில் நின்று இழுக்கிற தொழில். அவன் செய்த கேமும் கரைவலைதான். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். ஒரு எழுத்தை அழுத்தினால் இடப்பக்கக் கயிறு, இன்னொன்றை அழுத்தினால் வலப்பக்கக் கயிறு. இரண்டையும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரிந்து மீன் தப்பிவிடும். கரைவலை இழுப்பதை எட்டத்தில் நின்று பார்த்தவனுக்கு இது தோன்றாது. கயிற்றைத் தொட்டவனுக்குத்தான் அந்தச் சமநிலை தெரியும். அந்தக் கேமில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நெத்தலியும் சூடையும் அவனே வரைந்தான்.

விறாந்தையில் எல்லோரும் விளையாடிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. பகிர்ந்தான். முதல் கிழமை பார்த்தவர்கள் ஏழு பேர் என்று காட்டியது. அது நாங்களேதான். இந்த அமைதிக்குப் பிள்ளையை முன்னமே தயார்ப்படுத்த வேண்டும். முதல் புரொஜெக்ட்டைப் பகிர்ந்த அன்று உலகம் முழுக்க ஓடிவரும் என்று நினைத்துத்தான் பிள்ளை அந்தப் பொத்தானை அழுத்துகிறது. ஒருவரும் வராதபோது, தான் செய்ததில்தான் குறை என்று முடிவு கட்டிவிடும்.

மூன்றாம் கிழமை ஒரு கொமெண்ட் வந்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை, எந்த நாடு என்று தெரியாது, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மீன் வருவதில்லை, கேம் முடிந்துவிட்டதா?

எங்கள் பெடியன் உடனே விளையாடிப் பார்த்தான். மீன் வந்தது. மூன்று நிமிஷம் ஆனதும் நான் வழமை போல அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். "அவங்களுக்கு விளையாடத் தெரியேல்ல, அக்கா" என்றான். நானும் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த கிழமை வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. "அக்கா, ஒருத்தன் என்ட கேமைக் களவெடுத்திட்டான்." பார்த்தால் அதே படம், அதே மீன், அதே கடற்கரை, தலைப்பில் மட்டும் ரீமிக்ஸ் என்று சேர்ந்திருந்தது. அந்தக் கொமெண்ட் போட்ட பிள்ளைதான் செய்திருந்தது. ஒரு மாதம் அவன் வரைந்த படகு இன்னொருவருடைய பக்கத்தில் நிற்கிறது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அது நியாயமான அழுகை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ரீமிக்ஸ் பக்கத்தின் மேலேயே மூலப் புரொஜெக்ட்டுக்கு நன்றி என்று அவனுடைய பயனர்பெயர் தானாகவே வந்திருந்ததைக் காட்டினேன். இங்கே பகிர்கிற எல்லாமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருகின்றன, எடுக்கிறவர் செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும், தான் செய்ததையும் அதேபோலத் திறந்து வைக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில், "அப்ப வா, உள்ளுக்குத் திறந்து என்ன மாத்தியிருக்குதெண்டு பாப்பம்" என்றேன்.

இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்க்க ஒரு மணித்தியாலம் போனது. மற்றப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். அன்று மூன்று நிமிஷச் சட்டம் இல்லை. எட்டுப் பேரும் தேடியும் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தது. பிறகு ஒரு தங்கச்சிதான் பிடித்தாள். மீன் திரையின் ஓரத்துக்குப் போனதும் எங்கள் பெடியன் 'ஹைட்' பிளொக்கைப் போட்டிருந்தான், மறைந்துவிடு என்று. அந்தப் பிள்ளை அதை எடுத்துவிட்டு 'டிலீட் திஸ் குளோன்' பிளொக்கைப் போட்டிருந்தது. மாற்றம் அவ்வளவுதான், ஒரே ஒரு பிளொக்.

காரணம் இதுதான். ஒவ்வொரு மீனும் முதல் மீனின் ஒரு நகல், ஸ்க்ராட்ச் பாஷையில் குளோன். ஒரு புரொஜெக்ட்டில் ஒரே நேரத்தில் 300 குளோன்கள்தான் இருக்கலாம். மறைந்த மீன் கண்ணுக்குத் தெரியாதே தவிர, கணக்கில் இருக்கும். செக்கனுக்கு இரண்டு மீன் வருகிறது, வலையில் அகப்படுகிறது பாதி, தப்புகிறது பாதி. தப்பினது நிமிஷத்துக்கு 60 என்றால் ஐந்து நிமிஷத்தில் 300. அதன் பிறகு புது மீனுக்கு இடமில்லை. எங்கள் விறாந்தையில் யாரும் மூன்று நிமிஷத்தைத் தாண்டவே இல்லை. அடுத்த ஆள் பச்சைக்கொடியை அழுத்தியதும் பழைய குளோன்கள் எல்லாம் அழிந்து, கேம் புதிதாகத் தொடங்கும். மாதக்கணக்கில் விளையாடியும் நாங்கள் காணாததற்குக் காரணம் எங்கள் வரிசைதான். எங்கோ ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து, எங்கள் ஊர்க் கரைவலையை ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுத்திருக்கிறது. மீன் நின்றபோது விட்டுவிட்டுப் போகவில்லை. கேட்டது, பதில் கிடைக்காதபோது உள்ளே திறந்து தேடிக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறது.

பெடியன் அன்று ஒன்றும் பேசாமல் போனான். வீட்டில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வலையப் பொத்தித் தந்தவனோடயா சண்டைக்குப் போற?" கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்திருக்கிற யாரும் எடுத்துப் பொத்துவார்கள், அது யாருடைய வலை என்று கேட்பதில்லை. அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். நான் ஒரு மணித்தியாலமாக உரிமம் பற்றிச் சொல்லி முடியாததை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவன் தன் புரொஜெக்ட்டில் அந்த பிளொக்கை மாற்றினான். கீழே குறிப்புகள் எழுதுகிற பெட்டியில், மீன் நிற்கிற பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் என்று அந்தப் பிள்ளையின் பயனர்பெயரைப் போட்டான். அந்த ரீமிக்ஸுக்குப் போய் நன்றியும் எழுதினான். தமிழில் எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தில். அதற்கு நான் உதவினேன்.

அதன் பிறகு எங்கள் நடைமுறைகள் மாறின. பகிர்வதற்கு முன்பே ரீமிக்ஸ் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடையதைப் பகிர முன் இன்னொருவருடைய புரொஜெக்ட் ஒன்றை ரீமிக்ஸ் செய்ய வேண்டும், என்ன மாற்றினேன், யாரிடமிருந்து எடுத்தேன் என்று குறிப்பில் எழுத வேண்டும். முதலில் எடுத்தவனாக இருந்து பார்த்த பிள்ளைக்கு, தன்னிடமிருந்து எடுக்கிறபோது அவ்வளவு வலிப்பதில்லை. ஆனால் ஒன்றையும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டுத் தன் பெயரில் பெருமைப்படுவது வேறு. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

கொமெண்ட் எழுதுவதையும் பழக்க வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது "சூப்பர்", "நைஸ்" இரண்டும்தான். கொஞ்சக் காலம் ஒரு தம்பி கண்ட புரொஜெக்ட்டிலெல்லாம் என்னுடையதற்கும் இதயம் போடுங்கள் என்று எழுதிக்கொண்டு திரிந்தான். அவனைத் திட்டவில்லை. அவனுக்கு வந்திருந்த கொமெண்ட்டுகளில் எது அவனுக்கு உதவியது என்று அவனையே வாசிக்கச் சொன்னேன். "சூப்பர்" பதினொன்று இருந்தது. ஒன்று மட்டும், பந்து சுவருக்குள் மாட்டுகிறது என்று சொன்னது. அதைத்தான் அவன் திருத்தியிருந்தான். இப்போது எழுதுகிற முன் கேமை முடியும்வரை விளையாட வேண்டும், உள்ளே திறந்து பார்க்க வேண்டும், பிடித்த ஒரு இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உங்கட மழை எப்படி இவ்வளவு மெல்லமா விழுது?" என்று கேட்டால் பதில் வருகிறது. "சூப்பர்" என்பதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை.

மோசமான கொமெண்ட்டும் வரும். ஒருமுறை ஒரு பிள்ளைக்குக் கூடாத வார்த்தை எழுதியிருந்தார்கள். அறிவிக்கிற பொத்தானை அழுத்தினோம், பதில் எழுதவில்லை. அன்று முழுக்கப் பிள்ளையோடு இருந்தேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது இதற்குத்தான் வேண்டும். பிளொக் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது ஒரு அம்மா பற்றியது. அவருடைய மகள் திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற கன்னியா வெந்நீரூற்றை ஒரு கதையாகச் செய்துகொண்டிருந்தாள், ஏழு கிணறும் ஏழு காட்சி. அம்மா ஒருநாள் விறாந்தைப் படியில் வந்து நின்று, "பிள்ளை, பொம்பிளைப் பிள்ளைய இன்டர்நெட்டில விடுறது எனக்கு மனமில்ல" என்றார். அவர் பயப்படுவதில் பிழை இல்லை. வாங்கில் உட்காரச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். இங்கே தனிச்செய்தி அனுப்புகிற வசதி இல்லை, எழுதுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். உண்மைப் பெயர் இல்லை, முகப்படம் இல்லை. பள்ளிக்கூடம், தொலைபேசி எண், வீட்டு விலாசம், சொந்த ஊர் எதையும் எழுதக்கூடாது. விரும்பினால் ஒரு புரொஜெக்ட்டுக்குக் கொமெண்ட்டையே நிறுத்தி வைக்கலாம்.

சொந்த ஊர் எழுதக்கூடாது என்றதும் மகளுக்குத்தான் கவலை வந்தது. "அப்ப கன்னியா எண்டு போடேலாதா?" யோசித்துத்தான் பதில் சொன்னேன். கன்னியா உலகம் அறிந்த இடம், அதைப் பற்றி யாரும் கதை செய்யலாம். நான் அதற்குப் பக்கத்தில் இருக்கிறேன், இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன் என்று எழுதுவதுதான் ஆபத்து. திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற மான்களை வரையலாம். நான் தினமும் இந்த வழியால்தான் ரியூஷனுக்குப் போகிறேன் என்று எழுதக்கூடாது. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த அம்மா பிறகும் வந்தார். கதை பிழை என்று சொல்லத்தான் வந்தார். இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய நிலத்தில் குத்தின இடங்கள் என்று மகள் சரியாகத்தான் செய்திருந்தாள், ஆனால் ஏழு கிணற்றுத் தண்ணீரும் ஒரே நிறத்தில் இருந்தது. "ஏழும் ஒரே சூடில்ல, பிள்ளை. ஊத்திப் பாத்தாத் தெரியும்" என்றார். மகள் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆவியைக் கூட்டிக் குறைத்தாள். இறந்தவர்களுக்காக எங்கள் சனம் அங்கே போய்க் குளிப்பதையும் அம்மாதான் கடைசிக் காட்சியாகச் சேர்க்கச் சொன்னார். வாளியால் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை அவர்கள் வீட்டுக் கிணற்றடியில் பதிவு செய்தார்கள். விளக்கத்தை முதலில் தமிழில், பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று முதலில் தயங்கினாள். ஆறு மாதம் கழித்து ஒரு பிள்ளை தமிழிலேயே எழுதியது, என் அம்மம்மாவும் இந்தக் கதை சொல்லுவா என்று. அந்த வரியை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: எங்கள் சொந்தக்காரர் பலர் போனில்தான் பார்ப்பார்கள். விசைப்பலகை எழுத்தால் மட்டும் நகரும் கேமை அவர்களால் விளையாட முடியவில்லை. எழுத்தோடு, திரையில் தொடக்கூடிய ஒரு பொத்தானையும் வைத்துவிடுங்கள். கரைவலையில் இப்போது இரண்டு கயிற்றின் நுனியிலும் ஒவ்வொரு கை வரைந்திருக்கிறது, அதைத் தொட்டாலும் இழுபடும். அப்பா தன் போனில் விளையாடுவதற்காகவே அவன் அதைச் செய்தான்.

கரைவலைப் பெடியன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வர நேரமில்லை. வருகிற நாளில் சின்னப் பிள்ளைகள் தங்கள் கேமைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் விளையாடுவான். மூன்று நிமிஷம் தாண்டும், ஐந்து தாண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் மணிக்கூட்டைக் காட்டி என்னிடம் முறையிடுவார்கள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொறுங்கோ, இன்னும் கொஞ்சம்" என்பான்.